சிறு குழுக்களில் கருத்துப் பரிமாற்றமும் சிக்கல் தீர்த்தலும்

பத்துப் பதினைந்து பேர் வட்டமாக அமர்ந்து, ஒரு காரியத்தைப் பேசி முடிவுக்கு வருவது எளிய செயலெனத் தோன்றும். ஆனால் சேகரக் குழுவிலோ, மாதர் சங்கத்திலோ, பால் உற்பத்தியாளர் சங்கத்திலோ அமர்ந்து பழகிய எவரும் அது எளிதன்று என்பதை அறிவர். இருவர் பேசுகின்றனர், மூவர் தலையசைக்கின்றனர், ஏனையோர் கூட்டம் கலைந்த பின்னர்த் தெருமுனையில் தம் உண்மையான அபிப்பிராயத்தைக் கூறுகின்றனர். தீர்மானம் புத்தகத்தில் ஏறிவிடுகிறது. அதை நிறைவேற்றத்தான் ஆள் இல்லை. இந்நிலை ஏன் நேருகிறது, இதனை மாற்றும் வழி யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குரிய பாடம் நம் அருகிலேயே உண்டு. தென்பெண்ணை ஆற்றங்கரையிலுள்ள காவேரிப்பட்டினம் (இது சிலப்பதிகாரம் கூறும் காவிரிப்பூம்பட்டினம் அன்று) 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அந்தப் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான், 1983இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் மகளிர் சுய உதவிக் குழுப் பணியைத் தொடங்கியது. பின்னர் மாநிலம் எங்கும் பரவிய மகளிர் திட்டத்திற்கு இதுவே வித்தாயிற்று. சேமிப்பும் கடனும் பற்றியே இக்குழுக்கள் பெரிதும் பேசப்படுகின்றன. ஆனால் பேச்சுரிமை பெற்றிராத பெண்கள் கூடிப் பேசி முடிவெடுக்கக் கற்றுக்கொண்ட பள்ளிகளாகவும் இவற்றை நாம் நோக்குதல் வேண்டும்.

1. குழு சிறியதாயிருத்தல் ஏன்?

எல்லைக்கு அப்பால், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா என்னும் தொண்டு நிறுவனம், தொடக்கத்தில் பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகக் கடன் வழங்கி வந்தது. 1980களின் நடுப்பகுதியில் அவற்றுட் பல உடைந்தன. தலைமையின்மேல் உறுப்பினருக்கு நம்பிக்கை இல்லை. அவர்கள் பதினைந்து இருபது பேர் கொண்ட சிறு கூட்டங்களாகப் பிரிந்து வந்து, வாங்கிய கடனைச் சங்கத்திற்குச் செலுத்த மாட்டோம், நிறுவனத்திற்கே செலுத்துவோம் என்றனர். அத்தொகையைத் தங்கள் குழுவிற்கே செலுத்தித் தாங்களே நிர்வகிக்குமாறு நிறுவனம் ஆலோசனை கூறியது. அக்குழுக்கள் நிலைத்தன. நபார்டு வங்கி 1992இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியதற்கு இத்தகைய அனுபவமே அடிப்படையாயிற்று.

குழுவின் மேல்வரம்பு இருபது என வகுக்கப்பட்டதற்குச் சட்டமும் ஒரு காரணம். அன்று நடைமுறையிலிருந்த 1956ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, இருபது பேருக்கு மேற்பட்டோர் பதிவு செய்யாமல் ஒன்றுகூடி ஆதாயம் தரும் தொழிலை நடத்த இயலாதிருந்தது. எனினும் சட்டம் வகுத்த இவ்வெல்லை மனித இயல்புக்கும் பொருந்துவதாயிற்று. இருபது பேர் வட்டமாக அமர்ந்தால் ஒவ்வொருவரும் மற்ற எல்லாருடைய முகத்தையும் காணலாம். ஒரே அமர்வில் எல்லாரும் ஒருமுறை பேசலாம். நூறு பேர் கூடினால் மேடை எழும்புகிறது. மேடை எழும்பியதும் பேசுவோர் சிலரும் கேட்போர் பலருமாகப் பிரிந்து போகின்றனர்.

2. பேசாதிருப்பவரைப் பேசவைத்தல்

தாமே பேசி எடுத்த முடிவு மனிதரை எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பதைக் கர்ட் லெவின் என்னும் உளவியல் அறிஞர் ஆராய்ந்தார். ஜெர்மனியிலிருந்து 1933இல் அமெரிக்காவுக்குச் சென்ற இவர், இரண்டாம் உலகப் போரின் இறைச்சித் தட்டுப்பாட்டுக் காலத்தில், மக்கள் வழக்கமாக ஒதுக்கும் இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளைச் சமைக்க இல்லத்தரசிகளைத் தூண்டும் வழியைத் தேடினார். மூன்று குழுக்களுக்குச் சிறந்த சொற்பொழிவு ஆற்றப்பட்டது. மூன்று குழுக்களில் கலந்துரையாடி முடிவெடுக்குமாறு விடப்பட்டது. பின்னர் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டோருள் 3 விழுக்காட்டினரும், கலந்துரையாடியோருள் 32 விழுக்காட்டினரும் அவ்வுணவைப் புதிதாகப் பரிமாறியிருந்தனர். பிரசங்கபீடத்தில் நிற்போர் இவ்விரு எண்களையும் மறவாதிருத்தல் நலம்.

ஆயினும் கூடியிருப்பது மட்டும் போதாது. 1950களில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வினாவுக்கு, முன்னேற்பாட்டின்படி அறையிலிருந்த மற்ற அனைவரும் தவறான விடை கூறினர். சோதிக்கப்பட்டவர் அளித்த விடைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அத்தவற்றையே பின்பற்றின. ஆனால் ஒரே ஒருவர் உண்மை விடையைச் சொன்னபோது, இப்பணிவு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைந்தது. முதலில் எழும் ஒரு மாற்றுக்குரல் மற்றவர் வாயையும் திறக்கிறது. ஆகவே அக்குரலை அடக்குகிறவர் ஒருவரை மட்டும் அடக்குவதில்லை.

நமது எல்லைப் பகுதியில் மௌனத்திற்கு வேறு காரணங்களும் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோர் பலர். உருது பேசும் குடும்பங்களும் உள்ளன. கணக்கும் தீர்மானமும் தமிழில் எழுதப்படுகையில், அம்மொழியில் தயங்குபவர் கருத்தே இல்லாதவராகக் கருதப்படுகிறார். ஓசூரில் 1970களில் தொழிற்பேட்டை தோன்றியது முதல் வாழ்க்கையின் நேர ஒழுங்கும் மாறிவிட்டது. தொழிற்சாலைப் பேருந்தில் ஷிப்டு வேலைக்குச் செல்லும் பெண்ணால், பகல் மூன்று மணிக்குக் கூடும் கூட்டத்திற்கு வர இயலாது. எந்த நேரத்தில் கூடுவது, எந்த மொழியில் பேசுவது என்பவை சிறு விவரங்கள் அல்ல. யாருடைய சொல் கேட்கப்படும் என்பதை அவையே முடிவு செய்கின்றன.

3. சிக்கல் எது எனக் காணுதல்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். காவேரிப்பட்டினத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பதினைந்து பெண்கள் கொண்ட குழு. ஓர் உறுப்பினர் மூன்று மாதங்களாகத் தவணை செலுத்தவில்லை. “இவர் ஏன் கட்டவில்லை?” என்று கேட்டுக் கூட்டம் தொடங்குமாயின், அவர் குற்றவாளியாகிறார், ஏனையோர் நீதிபதிகளாகின்றனர். அதன்பின் எழுவன குற்றச்சாட்டும் சாக்குமேயன்றித் தீர்வு அன்று.

மாறாக, அவருடைய வருவாய் எப்போது வருகிறது என்று கேட்கலாம். இப்பகுதி மாந்தோப்புகள் நிறைந்தது. கூழ் தயாரிக்கும் ஆலைகளுக்குச் செல்லும் பெங்களூரா மாங்காய் கோடையில், சில வாரங்களுக்குள் அறுவடையாகி விடும். அவ்வாரங்களில் கூலி கிடைக்கும். அதன்பின் நெடுநாள் கிடைக்காது. கறவை மாடு வைத்திருப்பவருக்கோ பால் பணம் குறுகிய இடைவெளியில் வந்துகொண்டிருக்கும். எல்லாருக்கும் ஒரே மாதத் தவணை வகுத்தபோது, மாட்டுக்காரர் எளிதில் கட்டினார். தோப்புக் கூலியாள் தவறினார். ஆகவே சிக்கல் ஒருவருடைய நேர்மையில் இல்லை. தவணை நாளும் வருவாய் நாளும் பொருந்தாமையில் இருக்கிறது. சிக்கலைச் சரியாகச் சொல்லிவிட்டால், பாதித் தீர்வு அதிலேயே அடங்கியிருக்கும்.

4. தீர்வுக்கு வரும் வழி

இத்தகைய கலந்துரையாடலுக்குக் கீழ்க்காணும் ஒழுங்கு பயன் தரும்.

முதலாவது, யாருடைய சிக்கலோ அவர் குறுக்கீடின்றித் தம் சொற்களிலேயே அதைக் கூறட்டும்.

இரண்டாவது, கணக்குப் புத்தகம் உரக்க வாசிக்கப்படட்டும். எழுத்தறியாதவரும் செவியால் கணக்கைச் சரிபார்க்கலாம். நடந்தது இது, நாம் நினைப்பது இது என்று இரண்டையும் பிரித்துக்கொள்ள இது துணைசெய்யும்.

மூன்றாவது, வட்டத்தின் முறைப்படி ஒவ்வொருவரும் பேசட்டும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் இறுதியிலேயே பேசட்டும். தலைவர் முதலில் பேசினால், மற்றவர் அவருக்கு மறுமொழி கூறுவரேயன்றிச் சிக்கலுக்கு விடை கூறார்.

நான்காவது, குறைந்தது மூன்று வழிகளேனும் முன்வைக்கப்படும் வரை எதனையும் தள்ளவோ ஏற்கவோ வேண்டாம். மேற்சொன்ன குழுவில் தவணையை அறுவடை மாதங்களுக்கு மாற்றுதல், இடை மாதங்களில் வட்டி மட்டும் பெறுதல், சிறு தொகையாக வாரந்தோறும் செலுத்தச் செய்தல் ஆகிய மூன்றும் எண்ணத்தக்கவை.

ஐந்தாவது, யார், எதை, எந்நாளுக்குள் செய்வது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பமோ கைரேகையோ பெறுதல் வேண்டும். அடுத்த கூட்டம் அதன் பரிசீலனையோடு தொடங்கட்டும்.

தலைவர் பின்வாங்கி நிற்பதன் பயனை உலக அரசியலும் காட்டுகிறது. 1961இல் கியூபாவின் பன்றிகள் வளைகுடாவில் அமெரிக்க ஆதரவுடன் நடந்த படையெடுப்பு படுதோல்வியுற்றது. ஐயமுற்ற ஆலோசகர்கள் கூட்டத்தில் ஒற்றுமை குலையும் என்று வாய் திறவாதிருந்ததை, இர்விங் ஜானிஸ் 1972இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். அடுத்த ஆண்டின் ஏவுகணை நெருக்கடியில் கென்னடி சில கூட்டங்களுக்குத் தாமே வராதிருந்தார். அதனால் கருத்து வேற்றுமைகள் வெளிப்பட்டன.

ஆதித் திருச்சபையின் அனுபவமும் இதற்கு ஒத்ததே. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முறுமுறுத்தனர். தலைவர்கள் அம்முறையீட்டை அடக்கவில்லை. சபையார் முழுவதையும் கூட்டி, ஆட்களைத் தெரிந்தெடுக்கும் உரிமையை அவர்களிடமே விட்டனர். தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாயிருப்பது கவனிக்கத்தக்கது. குறைப்பட்டவர் பக்கத்தாரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது போலும்.

5. குழுவே நுகமாகும் ஆபத்து

சிறு குழுவின் நெருக்கம் இருபுறமும் கூரிய வாளாகும். ஒருவரைத் தாங்கும் அதே வட்டம் அவரை நெரிக்கவும் கூடும். ஒருவர் கட்டாவிடில் அனைவரும் பொறுப்பு என்ற நிபந்தனையின்மேல் சிறுகடன் நிறுவனங்கள் குழுக்களுக்குக் கடன் கொடுத்தபோது, தவறியவர் வீட்டு வாயிலில் உடன் உறுப்பினரே சென்று அமரும் நிலை உண்டாயிற்று. ஆந்திரப் பிரதேசத்தில் கடன்பட்டோர் தற்கொலைகள் பற்றிய செய்திகள் பெருகியதையடுத்து, 2010 அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. கடன் வசூலில் வன்முறையைத் தடுக்கும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025இல் நிறைவேற்றியது.

சட்டம் வெளியிலிருந்து வரும் வன்முறையைத் தடுக்கலாம். வட்டத்திற்குள் எழும் அவமானத்தைத் தடுக்க இயலாது. அதைத் தடுப்பது, மேலே கூறிய பேச்சு ஒழுங்கே. இயலாமை வெட்கமின்றி வெளியே சொல்லப்படக் கூடுமாயின், அது குழுவின் சிக்கலாகிறது. பதினைந்து பேரின் அறிவும் அதன்மேல் வேலை செய்யும். சொல்ல இடமில்லையெனில், அது ஒருத்தியின் இரகசியமாகிறது. மறைத்து வைத்த கடனை அடைக்க மற்றொரு கடன், அதற்கும் மேல் இன்னொன்று என அது வளரும்.

முடிவுரை

நம்முள் பலர் இத்தகைய குழுக்களுக்கு ஆலோசகராக அழைக்கப்படுகிறோம். நாம் செய்யத்தக்க முதல் உதவி, நமக்கு இடப்படும் நாற்காலியை விலக்கிவிட்டுப் பாயில் அமர்வதாகும். இரண்டாவது, வினவப்படும் வரை தீர்ப்புக் கூறாதிருப்பதாகும். மூன்றாவது, பேசாதிருந்தவரின் முறை வரும்போது, அவர் பேசி முடிக்கும் வரை பொறுத்திருப்பதாகும்.

ஒரு குழு நன்கு இயங்குகிறதா என்பதை அறிய, சேமிப்புத் தொகையை மட்டும் பார்த்தல் போதாது. தவணை கட்ட இயலாத பெண் அடுத்த கூட்டத்திற்கு அஞ்சாமல் வருகிறாரா என்று பாருங்கள். வருவாராயின், அக்குழு சிக்கலைத் தீர்க்கக் கற்றுக்கொண்டது. வராவிடில், வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும், அதன் சிக்கல் இனிமேல்தான் தொடங்க இருக்கிறது.