முதல்முறை போட் ஹவுஸில் தங்கப் போறீங்களா? ஆலப்புழா கிளம்பும் முன் இதைப் படிச்சிடுங்க!

'ஒரு ராத்திரியாவது தண்ணி மேல தூங்கணும்' என்பது பல குடும்பங்களின் நீண்ட நாள் ஆசை. நமக்கு அதற்குப் பக்கத்து ஊர் ஆலப்புழாதான். சென்னையில் இரவு ரயில் ஏறினால் மறுநாள் காலை அங்கே இறங்கிவிடலாம். ஆனால், போட்டோவைப் பார்த்து மட்டும் புக் செய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லை ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள்தான் இன்றைய போட் ஹவுஸ்கள். 'கெட்டு' என்றால் நம்ம 'கட்டு'தான். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிச் செய்ததால் அந்தப் பெயர்.

நேரக் கணக்கைப் புரிஞ்சுக்கோங்க

பொதுவாக மதியம் 12 மணிக்கு ஏறி, மறுநாள் காலை 9 மணிக்கு இறங்க வேண்டும். 21 மணி நேரமும் படகு ஓடும்னு நினைச்சுடாதீங்க. இருட்டியதும் மீனவர்கள் வலை விரிப்பார்கள் என்பதால், மாலை 5.30 மணி வாக்கில் படகைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். அதனால் 3 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். சுற்றிப் பார்ப்பது மட்டும் போதும் என்றால், பகல் நேரப் பயணமே போதும். செலவும் குறையும்.

புக் செய்யும்போது கேளுங்க

* ஏ.சி எத்தனை மணி நேரம்? பல படகுகளில் இரவு 9 முதல் காலை 6 வரைதான். பகலிலும் வேண்டும் என்றால் கட்டணம் கூடும்.
* படகு முழுக்க உங்களுக்கா, அறை மட்டுமா? அறை மட்டும் என்றால் முன்தளத்தையும் சாப்பாட்டு மேசையையும் மற்றவர்களோடு பகிர வேண்டியிருக்கும்.
* சாப்பாட்டில் என்னென்ன அடங்கும்? வழியில் நிறுத்தும் கடையில் இறால், கரிமீன் வாங்கினால் அது தனிக் கணக்கு. விலையை முதலிலேயே பேசிடுங்க.

குட்டநாட்டின் குறுகலான வாய்க்கால்களுக்குள் பெரிய படகுகள் நுழைய முடியாது. அந்த அழகைப் பார்க்க ஷிகாராவோ சின்ன வள்ளமோதான் சரி. மாலையில் படகைக் கட்டிய பிறகு ஒரு மணி நேரம் அதில் போய் வரலாம்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

2023 மே மாதம் மலப்புரம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. எனவே, ஏறும் முன் படகின் உரிமத்தையும், எத்தனை பேருக்கு அனுமதி என்பதையும் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. 'ரெண்டு பேர் கூட ஏறினா ஒண்ணும் ஆகாது' என்றால் வேறு படகு பாருங்கள்.

லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, குழந்தைகள் அளவில் இருக்கிறதா என்று முதல் பத்து நிமிடத்திலேயே பார்த்துவிடுங்கள். செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் குவிய வேண்டாம். சில படகுகளில் முன்பக்கத் தடுப்பு தாழ்வாகத்தான் இருக்கும். சின்னக் குழந்தைகளை அங்கே தனியே விடாதீர்கள். குடித்துவிட்டு ஓரத்தில் நிற்பதும், தண்ணீரில் குதிப்பதும் கூடவே கூடாது.

பையில் என்ன இருக்கணும்?

கொசுவிரட்டி கிரீம், டார்ச், வழக்கமான மருந்துகள், வழுக்காத செருப்பு. பிளாஸ்டிக் கவர்களைத் தண்ணீரில் வீசாதீர்கள். கரையில் இருப்பவர்கள் துணி துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அதே தண்ணீரில்தான்.

எப்போ போகலாம்?

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வானிலை இதமாக இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் கட்டணம் எகிறும். வார நாட்களில் போனால் பேரம் பேசவும் வாய்ப்பு உண்டு.

பட்ஜெட் இடிக்குதா? ஆலப்புழாவிலிருந்து கோட்டயத்துக்குக் கேரள அரசின் பயணிகள் படகு ஓடுகிறது. பஸ் டிக்கெட் மாதிரி சொற்பக் கட்டணம்தான். அதே காயல், அதே தென்னை, கூடவே ஊர்க்காரர்களின் பேச்சு. முதல்முறை போகிறவர்கள் இதில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, பிறகு போட் ஹவுஸைப் பற்றி முடிவு செய்யலாமே!