பத்து ஆண்டு தாண்டிய கார்: நாமே எதைப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது?

ஞாயிற்றுக்கிழமை மாலை. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டுக் கிளம்பும் குடும்பம் சிராங்கூன் ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொள்கிறது. கார் நகர்வதாக இல்லை. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலிருந்து மெல்ல மேலே ஏறுகிறது. ‘இன்னும் பத்து நிமிடம்தானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டுபவர் நினைக்கிறார்.

பல பழைய கார்களின் எஞ்சின் வீணாவது இத்தகைய பத்து நிமிடத்தில்தான். சூடு அளவு மீறினால் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடலாம். அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் பழுதாகி, எண்ணெயும் தண்ணீரும் கலந்துவிடலாம். ஒரு ரப்பர் குழாயை மாற்றினால் முடிந்திருக்கும் வேலை, எஞ்சினையே பிரிக்கும் வேலையாகிவிடும்.

கார் பழையது, பணம் புதியது

சிங்கப்பூரில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு மே மாதம் நடப்புக்கு வந்த முறைப்படி, ஒரு காரை 10 ஆண்டுக்கு வைத்திருக்க ‘சிஓஇ’ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் தேவை. அது முடிந்ததும் காரைக் கைவிடலாம். அல்லது 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பிக்கலாம். புதுப்பிப்பதற்கான கட்டணம், முந்திய மூன்று மாத ஏலக் கட்டணங்களின் சராசரி. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவு ஏலக் கட்டணம் 106,000 வெள்ளியைத் தொட்டது.

புதுப்பித்தவருக்கு, காரைக் கைவிடும்போது கிடைக்கக்கூடிய ‘பார்ஃப்’ கழிவும் இல்லாமல் போகிறது. 5 ஆண்டுக்கு மட்டும் புதுப்பித்தால் மறுபடியும் புதுப்பிக்க முடியாது. 10 ஆண்டைக் கடந்த காருக்குச் சாலை வரி 10 விழுக்காடு கூடி, ஆண்டுதோறும் ஏறி, 50 விழுக்காட்டில் நிற்கிறது. ஈராண்டுக்கு ஒருமுறை இருந்த கட்டாய வாகனப் பரிசோதனையும் ஆண்டுதோறும் வருகிறது. அதில் புகையின் அளவும் சோதிக்கப்படும்.

ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் கார் 10 ஆண்டில் 150,000 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். நன்கு பராமரிக்கப்பட்ட எஞ்சினுக்கு அது ஆயுளின் முடிவு அல்ல. ஆனால் அதன் பிறகு ரப்பர் குழாய்கள் இறுகும், சீல்கள் கசியும், எஞ்சின் சிறிது சிறிதாக எண்ணெய் குடிக்கும்.

முள் ஏறினால் என்ன செய்வது?

ஏசியை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியையும் தாண்டிச் சூடாக இருக்கும். மூடி திறந்த நொடியில் அது முகத்திலும் கையிலும் பீய்ச்சியடித்துவிடும். குறைந்தது அரைமணி நேரம் காத்திருந்து, எஞ்சின் நன்கு ஆறிய பிறகே திறக்கலாம்.

முள் எப்போது ஏறுகிறது என்பதைக் கவனித்தால் கோளாறு எங்கே என்று ஓரளவு தெரியும். நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமாக ஓடும்போது இறங்கினால், ரேடியேட்டர் விசிறி சுழலாமல் இருக்கலாம். கார் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது விசிறிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். விரைவுச்சாலையில் ஓடும்போதும் முள் ஏறினால், கூலண்ட் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம் அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம்.

மாதம் பத்து நிமிடம்

எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமமான தரையில், பானெட்டைத் திறந்து மூன்றைப் பார்த்தால் போதும்.

முதலாவது எண்ணெய். அளவுக்கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி நுழைத்து எடுத்தால் எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். மேல்குறியைத் தாண்டியும் ஊற்றக்கூடாது. கூட்டில் நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட காரில் மாதம் ஒருமுறை பார்ப்பது போதாது. சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். அது எண்ணெய் அழுத்தம் குறைந்ததற்கான எச்சரிக்கை.

இரண்டாவது கூலண்ட். ‘இங்குத்தான் குளிரே இல்லையே, குழாய்த் தண்ணீர் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கூலண்டின் வேலை உறைவதைத் தடுப்பது மட்டுமல்ல. உள்ளே துரு பிடிக்காமலும் அது காக்கிறது. எங்கும் கசிவு தெரியாமல் கூலண்ட் அடிக்கடி குறைந்தால், அல்லது வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால், கேஸ்கட் பழுதாக இருக்கலாம்.

மூன்றாவது பேட்டரி. வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கிறது. முனைகளில் வெள்ளை அல்லது பச்சை நிறத்தில் பூத்திருப்பதைச் சுத்தம் செய்யலாம். கழற்றும்போது எதிர்மறை முனை முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில்.

கொஞ்சம் துணிந்தால்

காற்று வடிகட்டியை மாற்றப் பெரும்பாலான கார்களில் சில கிளிப்புகளைத் திறந்தால் போதும். ஸ்பார்க் பிளக்கையும் மாற்றலாம். ஆனால் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முதலில் விரலால் திருகி மரை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். அலுமினியத்தில் மரை கெட்டால் செலவு பெரிது.

எஞ்சின் விளக்கு எரிந்தால், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் பொருத்தும் ‘ஓபிடி’ கருவி கோளாறு எண்ணைக் காட்டும். ‘பி0301’ என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஒவ்வொரு பிளக்கின் மீதும் தனி காயில் உள்ள காரில், முதல் காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். எண் ‘பி0302’ என மாறினால் பழுது காயிலில்தான். மாறாவிட்டால் பிளக்கையோ வேறெதையோ பார்க்க வேண்டும். எதையும் வாங்குவதற்கு முன்பே இது தெரிந்துவிடும்.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசாரோ வேறு இடமோ, உதிரிபாகம் வாங்கப் போகும்போது காரின் சேசி எண்ணையும் பழைய பாகத்தையும் கொண்டுசெல்வது நல்லது.

தொடக்கூடாதவை

டைமிங் பெல்ட், கேஸ்கட், பெட்ரோல் குழாய்கள் ஆகியவை மெக்கானிக்கின் வேலை. ஹைபிரிட் காரில் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடவே கூடாது. அவற்றில் உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம் பாய்கிறது. ஜாக்கி மட்டும் தாங்கியிருக்கும் காருக்கு அடியில் ஒருபோதும் படுக்கக்கூடாது. எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

இடமும் முக்கியம். வீவக கார் நிறுத்துமிடம் பட்டறை அல்ல. அங்கே பானெட்டைத் திறந்து எண்ணெய் அளவு பார்ப்பது வேறு; காரைத் தூக்கி நிறுத்தி எண்ணெய் வடிப்பது வேறு. பழுதுபார்ப்பு வேலைகளுக்கு அங்கு அனுமதி இல்லை. பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது அதைவிடப் பெரிய தவறு. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் சேகரிக்கும் பகுதி. கால்வாயில் விழுவது நீர்த்தேக்கத்துக்குப் போகும். அதனால் எண்ணெய் மாற்றுவதைப் பட்டறையில் விடுவதே எளிது.

ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் காரில் வைத்து, தேதி, ஓடிய தூரம், ஊற்றிய எண்ணெய் அளவு, மாற்றிய பாகம் ஆகியவற்றைக் குறித்துவரலாம். பட்டறைக்குப் போகும்போது ‘கார் சூடாகிறது’ என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் எல்லாவற்றையும் தேட வேண்டியிருக்கும். ‘தேக்காவில் நிற்கும்போது ஏறுகிறது, விரைவுச்சாலையில் இறங்கிவிடுகிறது’ என்று சொன்னால், அவர் முதலில் விசிறியைப் பார்ப்பார்.