தனி ஒருவர் அடுப்பு

கல்வி கற்க வந்தவர்க்கு வயிறும் உண்டு என்பதைப் பாடத்திட்டம் எங்கும் குறிப்பிடுவதில்லை. ஆயினும் ஊரை விட்டு வந்து தனியறை எடுத்துத் தங்கும் மாணவர் எவரும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் அதுதான். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயல் வீடுகளிலிருந்தும், மூணாறு, தேவிகுளம், பீருமேட்டுத் தோட்ட லயங்களிலிருந்தும் வந்து பயிலும் நண்பர்களுக்கு, வீட்டிலிருந்து வரும் பணம் எப்படிச் சேர்ந்தது என்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் நின்று தாய் கொழுந்து பறித்த கூலி அது. தந்தை நெல்லளந்து விற்ற காசு அது. மாதக் கடைசியில் அது தீரும் நேரத்தில் நம்மவர் முதலில் வெட்டுவது இரவுச் சாப்பாட்டை. ஒரு தேநீர், இரண்டு பன், பிறகு படுக்கை! இதனைச் சிக்கனம் என்று சொல்லிக் கொள்வோரும் உண்டு. உடம்பிலிருந்து கடன் வாங்குவது சிக்கனம் ஆகாது, நண்பர்களே. அந்தக் கடனைத் தேர்வு மாதத்தில் வட்டியோடு கட்ட நேரும்.

உண்ணும் அளவைக் குறைக்காமலே செலவைக் குறைக்க முடியும். எங்கே வீணாகிறது என்று கண்டுகொண்டால் போதும்.

தனியாகச் சமைப்பவரின் பெரிய வீண் எது? அரிசியன்று, பருப்புமன்று, தீதான். ஆறு பேருக்குச் சோறாக்கினாலும் ஒருவருக்குச் சோறாக்கினாலும் அடுப்பு சூடாக வேண்டும். பாத்திரம் சூடாக வேண்டும். சுற்றியுள்ள காற்றும் நம்மைக் கேளாமலே சூடேறிக் கொள்ளும். குடும்பத்தில் இந்தச் செலவு ஆறாகப் பங்கு போகிறது. தனியாள் தலையிலோ முழுவதும் விழுகிறது. ஆகவே தனியாள் சிக்கனத்தின் முதல் விதி: உண்டாக்கிய வெப்பத்தை ஓடவிடாதே.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலையாகிய 100 டிகிரிக்கு ஏற்ற 75 கிலோ கலோரி வெப்பம் போதும். அதே நீர் முழுவதும் ஆவியாகிப் போக மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். அதாவது ஏழு மடங்குக்கும் மேல்! மூடாத பானையில் நீர் தளதளவென்று பொங்கும்போது, நம் எரிபொருள் ஆவியாய்ப் பறந்து கொண்டிருக்கிறது என்பது பொருள். பெருந்தீ வைப்பதால் கொதிநீரின் வெப்பம் ஒரு டிகிரியும் உயர்வதில்லை. சோறு விரைவில் வேகுவதுமில்லை. கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடி போடுவதே அறிவுடைமை.

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். அரிசி வேக நீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 80 டிகிரிக்கு மேற்பட்ட சூடு போதிய நேரம் நிலைத்து நின்றால் மாப்பொருள் நீரை உறிஞ்சி வெந்துவிடும். அப்படியானால், கொதித்த பானையை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு வெளியேறாதபடி போர்த்தி வைத்தால் தீயின்றியே சோறு வேகுமன்றோ? வேகும். 1867-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த பெருங்கண்காட்சியில் நார்வே நாட்டுச் சமையற்பெட்டி ஒன்று இந்த அடிப்படையில் காட்டப்பட்டது. உலகப்போர்க் காலங்களில் எரிபொருள் தட்டுப்பட்டபோது ஐரோப்பிய வீடுகளில் வைக்கோல் திணித்த பெட்டியில் சமைத்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? பாலக்காட்டை அடுத்த முண்டூருக்கு வாருங்கள். 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம், 1987-இல் அங்கே ஓர் ஊரகத் தொழில்நுட்ப நிலையத்தை நிறுவியது. ஐ.ஆர்.டி.சி. என்பது அதன் சுருக்கப் பெயர். புகை குறைந்த அடுப்போடு இவ்வியக்கத்தார் கேரள வீடுகளில் பரப்பிய மற்றொரு பொருள் ‘சூடாறாப்பெட்டி’. பெயரே பொருளைச் சொல்கிறது. கொதித்த அரிசிப் பானையை அதனுள் இறக்கி மூடிவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது சோறு ஆயத்தமாயிருக்கும்.

பெட்டி செய்வது எப்படி?

கடையில் வாங்க இயலாதோர் தாமே செய்து கொள்ளலாம். பானையைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரற்கடை அகலமான அட்டைப்பெட்டி ஒன்று எடுத்துக் கொள்ளுங்கள். அடியில் வைக்கோலோ, தென்னை நாரோ, பழந்துணியோ கெட்டியாகப் பரப்புங்கள். பானை உட்காரும் இடம் விட்டுச் சுற்றிலும் அதனையே திணியுங்கள். மேலே மூடுவதற்குப் பஞ்சுத் தலையணை ஒன்று. சூட்டைக் காப்பது துணியோ வைக்கோலோ அன்று, அவற்றின் இடையே சிக்கி அசையாது நிற்கும் காற்றே. ஆகவே சந்து வழியே காற்று ஓடவிடலாகாது.

மட்டை அரிசியானால் சில மணி நேரம் ஊறவைத்து, பின் மூடிய பானையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி திறவாமல் பெட்டிக்குள் இறக்குங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகட்டும். வெள்ளைப் பச்சரிசிக்கு இதில் பாதி நேரமே போதும். காலையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போகலாம். தீயில்லாததால் அடிப்பிடிக்கும் என்ற கவலையும் இல்லை.

தனியாளுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெரிய பானையில் ஒரு பிடி அரிசி வைத்தால் சூடு விரைவில் ஆறிவிடும். சூட்டைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் பொருளின் நிறையே. ஆகவே பானை சிறியதாயிருக்க வேண்டும். முக்கால் பங்குக்குக் குறையாமல் நிறைந்திருக்க வேண்டும். நீர் தாராளமாக விட்டுக் கஞ்சியாக வைப்பது இதற்கு மிகப் பொருந்தும். மற்றொன்று: வெதுவெதுப்பாய் ஆறிய சோற்றைப் பெட்டியிலேயே இரவு வரை விட்டு வைக்காதீர்கள். ‘பாசில்லஸ் சீரியஸ்’ என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி நின்றால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு கக்கும். அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சூடாக எடுத்து உண்டுவிடுவதே முறை. ராஜ்மாப் பயற்றையும் பெட்டியை நம்பி விடலாகாது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் நன்கு கொதிக்க வைத்து முழுதும் வேகச்செய்தால்தான் அதிலுள்ள நச்சுப் புரதம் அழியும்.

மலைநாட்டுக் கணக்கு வேறு

விடுமுறைக்கு மூணாறு செல்லும் நண்பர், “இங்கே வெந்த பருப்பு அங்கே வேகவில்லையே” என்று வியக்கக்கூடும். பருப்பின்மேல் குற்றமில்லை. கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரும்தோறும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைகிறது. மூணாறு 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் அதற்குமேல் ஏறாது. தேயிலைத் தோட்டங்களில் விறகுக்கென்றே யூகலிப்டஸ் மரங்கள் வளர்க்கப்பட்டதை எண்ணினால், மலையில் அடுப்பெரிப்பது எத்தகைய தேவை என்பது விளங்கும்.

இதற்கு மாற்று, 1679-இல் டெனி பாப்பன் என்னும் பிரெஞ்சுக்காரர் இலண்டனில் காட்டிய அழுத்தக் கலமே. இன்றைய பிரஷர் குக்கரின் பாட்டன் அது. உள்ளே ஆவியை அடைத்து அழுத்தத்தை ஏற்றினால் மலையிலும் 110 டிகிரிக்கு மேல் சூடு கிடைக்கும். குக்கரையும் பெட்டியையும் சேர்த்துக் கையாள்வது இன்னும் நல்லது. ஒரு விசில் வந்ததும் அடுப்பை அணைத்துக் குக்கரோடு பெட்டிக்குள் வையுங்கள். ஊறிய பயறு மெத்தென்று வெந்திருக்கும்.

தனியாளின் சமையலுக்குக் கருவி தேடியவர்கள் நமக்கு முன்பும் இருந்தார்கள். 1910-இல் கல்கத்தாவில் இந்துமாதவ மல்லிக் ‘இக்மிக் குக்கர்’ செய்தார். அடியில் சிறிது கரி, மேலே அடுக்கடுக்காய்ப் பாத்திரங்கள். சோறும் பருப்பும் கறியும் ஒரே ஆவியில் வேகும். வங்காளத்தில் விடுதிகளில் தங்கிய தனியாட்களுக்கு அது பெருந்துணையாயிற்று.

என்ன சமைப்பது?

சோறு மட்டும் வயிற்றை நிரப்பும்; உடம்பை வளர்க்காது. அரிசியில் குறைவாயுள்ள லைசின் என்னும் புரதக்கூறு பயறு வகைகளில் நிறைய உண்டு. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறு என்பது நல்ல அளவு. ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசியும் 50 கிராம் சிறுபயறும் என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்த நாட்டார் கஞ்சியும் பயறும் உண்ணும் வழக்கத்தில் இவ்வறிவு முன்னமே அடங்கியிருக்கிறது. கஞ்சித் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். நீரில் கரையும் ‘பி’ வைட்டமின்கள் அதனோடு போய்விடும்.

குழம்புக்குப் பாலக்காட்டு முறைகளே போதும். முளகுஷ்யத்துக்கு ஒரே பாத்திரம்: பருப்பும், பூசணி அல்லது வாழைக்காயும், மிளகும் உப்பும், இறக்கும்போது ஒரு கரண்டி தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். அரைச்சுக்கலக்கிக்கோ தீயே வேண்டா: தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்து மோரில் கலந்தால் முடிந்தது. வெயில் நாளில் ஊரில் உலர்த்திய கொண்டாட்டத்தைத் தாய் ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்தால் வெட்கப்படாமல் வாங்கி வாருங்கள். சூரியனைக் கொண்டு செய்த சமையல் அது, மாதக்கணக்கில் கெடாது.

இறுதியாக ஒன்று. நாம் தொடக்கத்தில் கண்ட கணக்கின்படி, ஒருவர்க்கு எரியும் தீ இருவர்க்கும் ஏறத்தாழப் போதும். நிறைந்த பானையில் சூடும் நெடுநேரம் நிற்கும். இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படுப்பவர் உங்கள் அடுத்த அறையிலேயே இருக்கலாம். அவரையும் கூப்பிடுங்கள். அரிசியை அவர் கொண்டு வரட்டும்; பயற்றை நீங்கள் போடுங்கள். பெட்டி ஒன்று போதும்.