முதுமையில் கண், செவி, மனம்

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரின் தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 10 கோடியே 38 லட்சமாக இருந்தது. 2050ஆம் ஆண்டில் ஐந்து இந்தியரில் ஒருவர் இவ்வயதினராக இருப்பார் என்று ஐக்கிய நாடுகள் மக்கள் தொகை நிதியத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது. ஆயுள் நீண்டிருப்பது பொது சுகாதாரத் துறையின் சாதனையே. ஆனால் நீண்ட ஆயுளுடன் வந்து சேரும் பிணிகளுள் குடும்பங்களைப் பெரிதும் கலங்கச் செய்வது, டிமென்ஷியா எனப்படும் மறதி நோயாகும். இந்திய முதியோர் பற்றிய நெடுங்கால ஆய்வின் ஒரு பிரிவாக, 2018 முதல் 2020 வரை 4,000-க்கும் மேற்பட்ட முதியோரின் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் விரிவாகச் சோதிக்கப்பட்டன. 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என்பது அதிலிருந்து கிடைத்த கணிப்பு. ஆண்களைவிடப் பெண்களிடையேயும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதி.

இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆகவே, எந்தக் காரணங்களைத் தடுத்தால் நோயின் வருகையைத் தள்ளிப்போடலாம் என்ற ஆராய்ச்சி முதன்மை பெறுகிறது. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு, தடுக்கக்கூடிய காரணங்களின் பட்டியலை 2017ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, செவித்திறன் இழப்பு அதில் இடம்பெற்றது பலருக்கு வியப்பளித்தது. 2024ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட பட்டியலில் சிகிச்சை பெறாத பார்வைக் குறையும் சேர்ந்தது. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், கல்வியின்மை உள்ளிட்ட 14 காரணங்களையும் நீக்க முடியுமாயின் உலகில் சுமார் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. அதில் செவிக்குறையின் பங்கு 7 சதவீதம். பார்வைக் குறையின் பங்கு 2 சதவீதம். இவை உலக அளவிலான கணக்குகள். நாட்டுக்கு நாடு மாறக்கூடியவை. என்றாலும், பட்டியலில் உள்ள பிற காரணங்களோடு ஒப்பிடுகையில், கண்ணையும் செவியையும் கவனிப்பது ஒரு மாவட்ட நிர்வாகத்தின் கைக்கு எட்டிய வேலை என்பதை மறுக்க இயலாது.

புலன் குன்றினால் மனம் ஏன் குன்ற வேண்டும்?

முதுமையில் வரும் செவிக்குறை ஒரேயடியாக வருவதில்லை. நத்தைக்கூடு போன்ற உட்செவியில் ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் நுண்ணிய மயிர்ச் செல்கள் உள்ளன. இவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. கூர்மையான, உயர் அதிர்வெண் ஒலிகளை உணரும் செல்களே முதலில் பழுதடைகின்றன. பேச்சில் உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்ணிலும், பல வல்லின மெய்களின் ஓசை உயர்ந்த அதிர்வெண்ணிலும் அமைந்திருக்கின்றன. 'படி', 'கடி', 'தடி' என்னும் மூன்று சொற்களும் முதல் மெய்யால் மட்டுமே வேறுபடுகின்றன. அந்த மெய் தெளியாவிடில் மூன்றும் ஒன்றே. "சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்று முதியோர் முறையிடுவதன் பொருள் இதுதான். இதனைக் கவனக்குறைவு என்று வீட்டார் கருதிவிடுகின்றனர்.

விட்டுப்போன எழுத்தை இடம் நோக்கி ஊகித்து நிரப்பும் வேலை மூளையைச் சேர்கிறது. ஊகிப்பதிலேயே அதன் ஆற்றல் செலவாகும்போது, கேட்டதை நினைவில் பதித்துக்கொள்ள எஞ்சுவது குறைவு. இது ஒரு வழி. பேச்சைத் தொடர இயலாதவர் நாளடைவில் பேச்சிலிருந்தே விலகுகிறார். திண்ணையிலும் கோயிலிலும் சந்தையிலும் நாள்தோறும் நிகழும் உரையாடல் மூளைக்குக் கிடைக்கும் பயிற்சி, அது நின்றுவிடுகிறது. இது இரண்டாவது வழி. மூன்றாவதாக, தூண்டுதல் பெறாத மூளைப் பகுதிகள் மெல்லச் சுருங்குவதையும் ஆராய்ச்சியாளர் படப்பதிவுகளில் கண்டுள்ளனர். கண்ணுக்கும் இவையனைத்தும் பொருந்தும். வெள்ளெழுத்தினால் செய்தித்தாளையும், கண்புரையினால் மனிதர் முகங்களையும் இழந்தவரின் உலகம் சுருங்கத்தான் செய்யும். இரு புலன்களும் ஒருங்கே குன்றுமானால், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் வாய்ப்பும் போய்விடுகிறது: செவி மந்தமானவர் பேசுவோரின் உதட்டசைவைப் பார்த்தே பாதி புரிந்துகொள்கிறார், புரை விழுந்த கண்ணுக்கு உதட்டசைவு தெரிவதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் விழித்திரையையும் உட்செவியையும் மூளையையும் ஒருசேரத் தாக்கவல்லவை. எனவே புலன் இழப்பும் மறதியும் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றின் விளைவு என்று முடிவுகட்ட இயலாது. சிகிச்சையளித்துப் பார்ப்பதே உரைகல். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டில் வெளியான சோதனையில், ஒரு பகுதியினருக்குச் செவித்துணைக் கருவியும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. மற்றவர்களுக்குப் பொதுவான நல்வாழ்வு அறிவுரைகள் மட்டுமே. மூன்றாண்டுகளுக்குப் பின் மொத்தத்தில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. ஆனால் வயதும் நோய்க் காரணங்களும் கூடியிருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, கருவி பெற்றோரிடம் அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது. அதே நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில் 3,000-க்கும் மேற்பட்ட முதியோரைத் தொடர்ந்து கவனித்து 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. பார்வையைத் திரும்பத் தராத கிளாக்கோமா அறுவையில் அத்தகைய பயன் காணப்படவில்லை என்பது கருதத்தக்கது. இரண்டாவது ஆய்வு சோதனை அன்று; கூர்ந்து நோக்கிய பதிவு மட்டுமே. கருவி அணிந்தால் மறதி வராது என்று விளம்பரம் செய்வோர் இச்சான்றுகளை மிகைப்படுத்துகின்றனர் என்றே கொள்ள வேண்டும். பயன் உண்டு; மிகுதியாகப் பயன்பெறுவோர் நலிவுற்றோரே என்ற அளவில் நிற்பது நேர்மை.

சோதனையே வழுவினால்

புலன் குறை மறதியை உண்டாக்குகிறதா என்பது ஒருபுறமிருக்க, புலன் குறையையே மறதி என்று தவறாக முத்திரையிடும் தீங்கு அன்றாடம் நேரக்கூடியது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட சுருக்கமான மனநிலைத் தேர்வு உலகெங்கும் பரவியது. எழுதப் படிக்கத் தெரியாத நம் கிராமத்து முதியோருக்கு அது ஒவ்வாது என்பதனால், அரியானாவின் பல்லப்கர் வட்டாரத்தில் ஆராய்ச்சி செய்தோர் 1990களில் அதனை இந்திக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். "கண்களை மூடுக" என்ற வாசகத்தைப் படித்து அதன்படி செய்வதற்கு மாறாக, "என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைப் போலச் செய்யுங்கள்" என்று கூறிச் சோதிப்பவர் தம் கண்களை மூடிக்காட்டுகிறார். எழுத்தறிவின்மைக்கு இது நல்ல தீர்வு. ஆனால் எதிரே இருப்பவரின் கண் மூடியதா திறந்திருக்கிறதா என்று தெரியாத அளவுக்குப் புரை முற்றியவர் என்ன செய்வார்? மூன்று சொற்களைக் கூறிச் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பது இத்தகைய தேர்வுகளில் உள்ள மற்றொரு பகுதி. முதற்கண் காதில் விழாத சொல்லை மறந்துவிட்டதாகக் கருதி மதிப்பெண் குறைப்பது முறையன்று.

பார்வை பெரிதும் குன்றியோரில் சிலர் இல்லாத மனிதர்களையும் பூக்களையும் கோலங்களையும் காண்பதுண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் பானே என்னும் அறிஞர் தம் பாட்டனாருக்கு நேர்ந்ததைக் கண்டு 1760ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்தார். மனம் தெளிவாகவே இருக்கும். காட்சி குறைந்த மூளை தானே காட்சிகளைப் படைத்துக்கொள்கிறது. இதனை அறியாத குடும்பம் முதியவரைப் பித்துப் பிடித்தவராகவோ பேய் பிடித்தவராகவோ கருதும். அஞ்சி வாய் திறவாதிருக்கும் முதியோரும் உண்டு.

கண்ணுக்குக் கிடைத்தது, செவிக்குக் கிடைக்காதது

தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976ஆம் ஆண்டில், முழுவதும் மத்திய அரசின் நிதியில் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி சிறு கண் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். அதன் சார்பான தொழிற்கூடம் 1992 முதல் உள்விழி லென்சைக் குறைந்த விலையில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1994 முதல் 2002 வரை உலக வங்கியின் உதவியுடன் ஏழு மாநிலங்களில் கண்புரை ஒழிப்புத் திட்டம் நடைபெற்றது. பந்தலடியில் நடந்த அறுவைகள் குறைந்து, முகாமில் நோயாளிகளைக் கண்டறிந்து மருத்துவமனைக்கு அழைத்துவந்து அறுவை செய்யும் முறை வலுப்பெற்றது. கடந்த பத்தாண்டில் ஆண்டொன்றுக்குக் கண்புரை அறுவைகள் 60 லட்சத்தைக் கடந்தன. 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய மதிப்பாய்வில், மக்கள் தொகையில் பார்வையற்றோர் 0.36 சதவீதம் என்று கணிக்கப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்தோரில் அது ஏறத்தாழ 2 சதவீதம். அவர்களுள் மூன்றில் இருவரின் பார்வையைப் பறித்திருந்தது, இன்னமும் கண்புரையே. பெண்களிடையே பார்வையின்மை கூடுதல். அறுவைக்குத் துணை வர ஆளில்லை, பேரக்குழந்தையை விட்டு வர இயலாது என்பன போன்றவை இலவச சிகிச்சையாலும் தீராத தடைகள்.

செவிக்கான தேசியத் திட்டம் முப்பது ஆண்டுகள் கழித்தே, 2006-07ஆம் ஆண்டில், 25 மாவட்டங்களில் வெள்ளோட்டமாகத் தொடங்கியது. மைசூரில் 1965ஆம் ஆண்டு முதல் அகில இந்தியப் பேச்சு-செவியியல் நிறுவனம் வல்லுநர்களைப் பயிற்றுவித்து வந்தபோதிலும், மாவட்ட அளவில் செவித்திறன் சோதிப்போர் அரிதாகவே உள்ளனர். இந்த வேறுபாட்டுக்கு நிதியும் ஆளும் மட்டுமே காரணமல்ல. இரு சிகிச்சைகளின் தன்மையும் வேறு. கண்புரை அறுவை சில நிமிட வேலை. கட்டு அவிழ்க்கும்போதே பயன் தெரிகிறது. செவித்துணைக் கருவியோ கையில் கொடுத்த நாளில் பயன் தராது. பெரும்பாலும் எரிச்சலையே தரும். பல ஆண்டுகள் கேட்டிராத பாத்திர ஓசையும் மின்விசிறி இரைச்சலும் ஒரேயடியாகச் செவியில் மோதுகின்றன. எதைத் தள்ளுவது, எதைக் கொள்வது என்று மூளை மீண்டும் கற்கச் சில வாரங்களோ மாதங்களோ ஆகின்றன. இடையே காது அச்சு பொருந்த வேண்டும். ஒலியளவைச் சீரமைக்க வேண்டும். மின்கலம் தீர்ந்தால் வாங்கக் கடை வேண்டும்.

உதவி உபகரணங்களுக்கான மத்திய அரசுத் திட்டம் 1981ஆம் ஆண்டு முதல் உள்ளது. 2017ஆம் ஆண்டில் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம், வறிய முதியோருக்குக் கண்ணாடியும் செவித்துணைக் கருவியும் பல்செட்டும் முகாம்கள் வாயிலாக இலவசமாக வழங்குகிறது. கண்ணாடிக்கு முகாம் போதும். செவித்துணைக் கருவிக்கு முகாம் தொடக்கம் மட்டுமே. எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்ற கணக்குடன், ஆறு மாதம் கழித்து எத்தனை காதுகளில் அவை இருக்கின்றன என்ற கணக்கையும் கேட்பது திட்ட அலுவலர்களுக்குரிய கேள்வி. அலமாரியில் உறங்கும் கருவி செலவுக் கணக்கில் சாதனையாகவே பதிவாகிறது.

ஒரே தாளில் உள்ள கேள்விகள்

ஆஷா பணியாளர் வீடுதோறும் சென்று நிரப்பும் சமுதாய மதிப்பீட்டுப் படிவத்தில், பார்வை மங்குகிறதா, காது கேட்பதில் சிரமமா என்ற கேள்விகள் உள்ளன. அறுபது வயதைக் கடந்தோருக்கான பகுதியில், நெருங்கியவர்களின் பெயரையோ வீட்டு முகவரியையோ மறக்கிறீர்களா என்ற கேள்வியும் உண்டு. ஒரே தாளில் இவை அருகருகே இருந்தும், விடைகள் கண் மருத்துவர், காது மருத்துவர், மனநல மருத்துவர் எனத் தனித்தனி வழிகளில் பிரிந்துவிடுகின்றன. மறதி என்று குறிக்கப்பட்டவரின் கண்ணும் செவியும் முதலில் சோதிக்கப்பட்டு, அதன் பின்னரே நினைவுத் தேர்வு நடைபெறும் என்ற வரிசையை வகுப்பதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு அதிகம் தேவைப்படாது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக்கூடியவை பல. காதில் இறுகிய குறும்பியை நீக்கினால் கேட்கத் தொடங்கும் முதியோர் குறைவல்லர். முதியவருக்குப் பின்னே ஒரு கை நீளத் தொலைவில் நின்று, ஒரு காதை அடைக்கச் செய்து, மூன்று எண்களை மெல்லிய குரலில் கூறித் திரும்பச் சொல்லச் செய்வது கருவியேதும் வேண்டாத சோதனை. வெள்ளெழுத்துக் கண்ணாடியின் விலை அற்பம்.

வீட்டாரின் பங்கும் சிறிதன்று. உரக்கக் கத்துவது உதவாது. பழுதுற்ற உட்செவிக்கு மெல்லொலி கேட்பதில்லை. வல்லொலியோ வலியைத் தருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு குறுகிவிடுகிறது. முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே அமர்ந்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, இயல்பான குரலில் சற்று நிதானமாகப் பேசினால் போதும்.

மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, தொலைந்துவிடும் என்று அஞ்சிக் கண்ணாடியையும் கருவியையும் வீட்டில் வைத்துச் செல்வது வழக்கம். பழகாத இடத்தில் காணவும் கேட்கவும் இயலாத முதியவருக்கு இரண்டொரு நாளில் திடீர்க் குழப்பம் நேர்வதுண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 852 முதியோரிடம் நடத்தி 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளுக்குக் கண்ணாடியும் ஒலிபெருக்கிக் கருவியும் கிடைக்கச் செய்து, உறக்கம், நடமாட்டம், நீர் அருந்துதல் ஆகியவற்றையும் கவனித்தபோது, இக்குழப்பம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது.