புழுவுக்கும் ஒரு பங்கு



முற்றத்தில் வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்தமர்ந்தால் குழந்தைகள் ஓடிச் சென்று பார்க்கின்றனர். பெரியோரும் கைவேலையை விட்டு ஒரு கணம் நோக்குகின்றனர். அதே பூச்சி சில கிழமைகளுக்கு முன்னர் கறிவேப்பிலை மரத்தில் பச்சைப் புழுவாக இருந்திருக்கும். அப்போது அதற்கு நம் வீடுகளிற் பெரும்பாலும் கிடைப்பது செருப்படி, அல்லது பூச்சிமருந்து. சிறகை வரவேற்கும் நாம் புழுவைத் துரத்துகின்றோம். புழு இல்லாமல் சிறகு எங்கிருந்து வரும்?

நம் இலங்கைத் தீவில் 240க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் வாழ்கின்றன. அவற்றை வீட்டுத் தோட்டத்திற்கு அழைக்க விரும்புவோர் முதலில் பூச்செடிகளையே நாடுகின்றனர். அதுவும் தேவையே. வெட்சி, செவ்வரத்தை, பட்டிப்பூ, செவ்வந்தி, தும்பை ஆகியவற்றை நாடி அவை தேனருந்த வரும். ஆயினும் பூ மட்டும் உள்ள தோட்டம், வழிப்போக்கர் பசியாறிச் செல்லும் சத்திரம் போன்றது. அவை தங்கிப் பெருக வேண்டுமாயின், முட்டையிடுவதற்குரிய இலை வேண்டும்.

அந்த இலையைத் தாய்ப்பூச்சி மிகுந்த கவனத்தோடு தெரிந்தெடுக்கிறது. இலைமீது அமர்ந்து கால்களாலேயே அதன் சுவையை அறிகிறது. தன் குஞ்சுகளுக்கு ஏற்றதென உறுதியானால் மட்டுமே முட்டையிடுகிறது. தேசி, தோடை, கறிவேப்பிலை மரங்களைச் சில பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் நாடுகின்றன. மஞ்சள் நிறச் சிறு பூச்சிகள் சில கொன்றையை நாடும். பச்சைப் புள்ளியும் குறுவாலும் கொண்ட ஓர் இனத்திற்கு அன்னமுன்னா இலை போதும். வேலியோரத்தில் எவரும் பொருட்படுத்தாத எருக்கு, செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சியொன்றின் தொட்டில். சித்த வைத்தியர்கள் அறிந்த ஈஸ்வரமூலிக் கொடியில், செந்நிற உடலும் கறுப்புச் சிறகும் கொண்ட அழகிய இனம் வளர்கிறது. இலங்கைக்கே உரியதும் நம் தேசிய வண்ணத்துப்பூச்சியுமான பொன்மஞ்சள் சிறகுடைய பெரும் பூச்சியும் அக்கொடியையே நம்பி வாழ்கிறது.

தேசி இலையில் இடப்பட்ட முட்டை சில நாட்களில் பொரிக்கும். இளம்புழு பறவையின் எச்சம் போலத் தோன்றி எதிரியை ஏமாற்றும். வளர்ந்தபின் இலையின் பச்சை நிறமே அதற்குப் போர்வை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற உறுப்பொன்றை நீட்டி நாற்றத்தைப் பரப்பும். பின்னர் கூட்டுப்புழுவாகி, அசைவின்றித் தொங்கி, ஒருநாள் காலையில் சிறகோடு வெளிவரும். இந்நிகழ்வைக் கண்ட கிறிஸ்தவர்கள் வண்ணத்துப்பூச்சியை உயிர்ப்பின் அடையாளமாகக் கொண்டதில் வியப்பில்லை.

"புழுக்கள் பெருகித் தோட்டம் அழிந்துவிடாதா?" என நீங்கள் வினவலாம். தேசி இலையை உண்ணும் புழு கத்தரிக்குச் செல்லாது. புழுக்களிற் பெரும்பகுதியைப் பறவைகளும் குளவிகளும் உண்டுவிடும். வளர்ந்த மரம் இழந்த இலையை மீண்டும் துளிர்க்கும். சிறு கன்றாயின் இரண்டாக நடுங்கள்: ஒன்று சமையலுக்கு, மற்றொன்று விருந்தினருக்கு. முருங்கையில் கூட்டமாக ஒட்டியிருக்கும் மயிர்க்கொட்டி அந்துப்பூச்சியின் புழு. அதைத் தொட்டால் தோல் தடிக்கும். எருக்கின் பாலும் கண்ணிற் படலாகாது. ஈஸ்வரமூலியோ நச்சுத்தன்மை உடையது. இவற்றைக் குழந்தைகளுக்கு முன்னரே சொல்லிவையுங்கள்.

காலை வெயில் விழுவதும் பலத்த காற்றுப் படாததுமான மூலையைத் தெரிந்தெடுங்கள். வெயிலில் உடல் சூடேறிய பின்னரே அவற்றால் நன்கு பறக்க இயலும். கிணற்றடியில் சிறிதளவு ஈரமணல் இருக்கட்டும்; ஆண்பூச்சிகள் அங்கு கூடி உப்புச்சத்தை உறிஞ்சும். எல்லாவற்றிற்கும் மேலாக, அந்த மூலையிற் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். புழுவைக் கொல்லும் மருந்தை வண்ணத்துப்பூச்சிக்கெனத் தனியே விலக்கிவைக்க எவராலும் இயலாது.

புனித பிரான்சிஸ் அசிசியார் துறவிகளின் தோட்டம் முழுவதிலும் காய்கறி நடவேண்டாம் எனவும், ஒரு பகுதியில் காட்டுப் பூக்களும் பூண்டுகளும் தாமாகவே வளரட்டும் எனவும் கேட்டுக்கொண்டார். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு படைப்பைப் பேணுவது குறித்து வெளியிட்ட சுற்றுமடலில் இதனை நினைவூட்டினார். உணவு அரிதாயிருந்த ஏழைத் துறவிகளின் தோட்டம் அது. இருந்தும் ஒரு பங்கு விடப்பட்டது. அசிசியாரின் திருநாள் ஒக்டோபர் 4ஆம் திகதி. அதையடுத்து வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி மழை தொடங்கும். கன்று நடுவதற்கு உகந்த காலம் அதுவே.

அன்பர்களே, காணி சிறிதாயினும் ஒரு முழ நிலத்தை ஒதுக்குங்கள். காணியில்லாதோர் சாடியொன்றில் கறிவேப்பிலை நடுங்கள். ஆலய வளவிலும் மறைப்பாடசாலை முற்றத்திலும் பிள்ளைகளைக் கொண்டு இதனைச் செய்விக்கலாம். கடிபட்ட இலையைக் காணும்போது முகம் சுளிக்க வேண்டாம். அழகாயிருப்போரை வரவேற்பது எளிது. இன்னும் அழகு பெறாதவரைப் பொறுத்திருந்து பேணுவதே அன்பு. அதனை நம் பிள்ளைகள் ஒரு கறிவேப்பிலைக் கன்றின் அருகில் நின்றே கற்றுக்கொள்ளலாம்.