கடைசியாக வருபவருக்கும் கைதட்டல்

விளையாட்டு என்றாலே கிரிக்கெட் என்றாகிவிட்ட நம் நாட்டில், சைக்கிள் பந்தயத்திற்கும் தீவிர இரசிகர்கள் இருக்கின்றனர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அதிலும் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆவுடையார்கோவில் போன்றதோர் ஊரில் இருந்துகொண்டு, பிரான்சு நாட்டுச் சாலைகளில் நடைபெறும் பந்தயத்திற்கு மனத்தைப் பறிகொடுப்பது வேலையற்ற வேலையென்றுகூடத் தோன்றும். ஆனால் சற்றே எண்ணிப் பார்த்தால், அப்பந்தயத்தின் உட்பொருளை உணர்ந்துகொள்ள இம்மாவட்டத்தாரைவிடத் தகுதியுடையோர் இலர் என்பது விளங்கும். சைக்கிள் என்னும் எளிய வாகனம் மனிதர்க்கு எதைத் தரவல்லது என்பதை 1990களின் தொடக்கத்தில் உலகிற்கு எடுத்துக்காட்டிய மண் இது.

நாடே மைதானம்

‘டூர் டி பிரான்ஸ்’ என்னும் அப்பந்தயம் 1903ஆம் ஆண்டு, ‘லோட்டோ’ என்ற விளையாட்டு நாளிதழின் விற்பனையைப் பெருக்கும் பொருட்டுத் தொடங்கப்பெற்றது. முதலாண்டில் புறப்பட்டவர் 60 பேர்; இறுதிவரை சென்று சேர்ந்தவர் 21 பேர் மட்டுமே. இன்று அது 21 கட்டங்களாக, ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் தொலைவை மூன்று வாரங்களில் கடக்கும் பெரும் பந்தயமாக வளர்ந்துள்ளது. மொத்த நேரக் கணக்கில் முன்னிலை வகிப்பவர் மஞ்சள் சட்டை அணிவார். 1919இல் தொடங்கிய இவ்வழக்கத்திற்கு, அந்நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சானதே காரணம் என்பர்.

இப்பந்தயத்திற்கு மைதானம் இல்லை. நுழைவுச் சீட்டும் இல்லை. சாலையோரத்தில் வீடிருந்தால் வாசலில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து பார்க்கலாம். வானூர்தியிலிருந்து எடுக்கப்படும் ஒளிபரப்பில் சூரியகாந்தி வயல்களும், பழங்கோட்டைகளும், ஆற்றுப் பாலங்களும், பிரனீஸ், ஆல்ப்ஸ் மலைத்தொடர்களும் ஒன்றன்பின் ஒன்றாக விரியும். 2,115 மீட்டர் உயரமுள்ள துர்மாலே கணவாயில் 1910ஆம் ஆண்டே வீரர்கள் ஏறியிருக்கின்றனர். 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஆல்ப் துவெஸ் மலைச்சாலையில் இடம் பிடிப்பதற்காக, இரசிகர்கள் பல நாள்களுக்கு முன்பே கூடாரம் அடித்துக் காத்திருப்பர்.

பயணச் செலவுக்கு வழியில்லாத நம் போன்றோர்க்கு இந்த ஒளிபரப்பே பிரான்சுப் பயணம். அங்கே பிற்பகலில் நடக்கும் ஓட்டம், நமக்கு அஸர் தொழுகை நேரத்தை ஒட்டிச் சூடுபிடித்து, இஷாவை ஒட்டி முடிவடையும். காரைக்கால், புதுவை வழியாகப் பிரான்சில் குடியேறிய நம் சமுதாயக் குடும்பங்கள் பல பாரிஸ் நகரிலும் சுற்றுப்புறத்திலும் வாழ்கின்றன. அவர்களைக் காண ஜூலை மாதத்தில் செல்வோர், இறுதி நாளில் ஷான்ஸெலிஸே வீதியோரம் நின்றால் காசு செலவின்றிக் கண்டு களிக்கலாம். 1975 முதல் பந்தயம் அங்கேதான் நிறைவுபெற்று வருகிறது. ஒலிம்பிக் விழாவின் காரணமாக 2024இல் மட்டும் நீஸ் நகரில் நிறைவுற்றது.

காற்றைப் பகிர்ந்துகொள்ளும் கலை

மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கம் கடற்காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்தவர்கள் ஒன்றை அறிவர்: முன்னே ஒருவர் சென்றால் பின்னே செல்பவர்க்குச் சுமை குறையும். இப்பந்தயத்தின் சூட்சுமமும் அதுவே. முன்னவரின் மறைவில் செல்பவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றலை மிச்சப்படுத்துகிறார். எனவே எட்டுப் பேர் கொண்ட அணியில் ஒருவரே தலைவர். ஏனையோர் அவருக்காகக் காற்றைத் தம் நெஞ்சில் தாங்குவர், தண்ணீர்க் குப்பிகளைச் சுமந்து வருவர், தேவைப்பட்டால் தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பர். வெற்றி ஒருவர் பெயரில் எழுதப்படினும் உழைப்பு எண்மருடையது.

இப்பந்தயத்தில் மாசு இல்லாமல் இல்லை. ஏழு முறை வென்றவராகப் போற்றப்பட்ட அமெரிக்கர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், ஊக்க மருந்து உட்கொண்டது உறுதியானதால் 2012இல் அவ்வேழு பட்டங்களையும் இழந்தார். உண்மை இரசிகர் இதனை மறைப்பதில்லை. எனினும், முதலில் வந்தவரைப் போலவே கடைசியாக வருபவரையும் நினைவில் கொள்ளும் பந்தயம் இது என்பது இதன் தனிச்சிறப்பு. இரயில் வண்டியின் கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு விளக்கின் பெயரையே அவருக்குச் சூட்டியிருக்கின்றனர்.

மரத்தடியில் விழுந்த அப்துல் காதிர்

அச்சிவப்பு விளக்குகளில் மிகப் புகழ்பெற்றவர் அல்ஜீரிய நாட்டு முஸ்லிம் ஒருவர். அவர் பெயர் அப்துல் காதிர் ஸாஃப். நம் ஊர்களில் தெருவுக்கு ஒருவருக்கேனும் இருக்கும் பெயர். அல்ஜீரியா அன்று பிரான்சின் ஆட்சியில் இருந்தது. 1950ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெர்ப்பிஞ்ஞான் நகரிலிருந்து நீம் நகர் நோக்கிய கட்டத்தில், ஸாஃபும் அவருடைய வட ஆப்பிரிக்க அணித் தோழர் மார்செல் மொலினேயும் கொளுத்தும் வெயிலில் அனைவரையும் முந்திச் சென்றனர். வழியில் ஸாஃப் நிலைதடுமாறிச் சாய்ந்தார். மரத்தடியில் படுக்க வைக்கப்பட்டவர் மயக்கம் தெளிந்து எழுந்ததும், திசை தெரியாமல் வந்த வழியே திரும்பி மிதிக்கத் தொடங்கிவிட்டார்! மொலினே அக்கட்டத்தை வென்றார்.

திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பகுதி அது. ஸாஃப் மேல் மது வாடை வீசியதால், குடித்துவிட்டுத் தடுமாறினார் என்ற கதை நாடெங்கும் பரவியது. மயங்கிக் கிடந்தவரைத் தெளிவிக்க அங்கிருந்தோர் தங்கள் கையிலிருந்த மதுவை அவர் மேல் ஊற்றியதே அந்த வாடைக்குக் காரணம் என்ற விளக்கமும் உண்டு. கேலிக்கு ஆளான அம்மனிதர் ஒதுங்கிவிடவில்லை. மறுஆண்டும் வந்தார், 1951இல் பந்தயத்தை முழுமையாக முடித்த 66 பேரில் 66ஆவதாக வந்து சேர்ந்தார். மக்கள் அவரைக் கைதட்டி வரவேற்றனர்.

புதுக்கோட்டை கண்ட புரட்சி

கேலியைத் தாண்டிச் சக்கரம் உருட்டிய வரலாறு நமக்கும் உண்டு. 1991இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் பெண்கள் சைக்கிள் பழகுவதையும் அப்பணியின் ஓர் அங்கமாக்கினார். பேருந்து எட்டாத ஊர்களுக்குப் பெண் தொண்டர்கள் தாமாகவே சென்றுவர வேண்டும் என்பதே நோக்கம். விவசாயக் கூலிகள், கல்லுடைப்போர், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பலரும் பழகினர். கட்டுப்பாடு மிகுந்த முஸ்லிம் இல்லங்களிலிருந்தும் இளம்பெண்கள் முன்வந்தனர். தொடக்கத்தில் ஏச்சும் பேச்சும் கேட்டவர்கள், 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்டோராகத் திரண்டு பேரணி சென்றபோது நகரமே திகைத்து நின்றது. ஒன்றரை ஆண்டுக்குள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பெண்கள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாமே என்று அதனை விரும்பியோரும் உண்டு.

பிரான்சு நாட்டிலோ, பெண்களுக்கான டூர் 1984இல் ஆண்கள் பந்தயத்துடன் இணைத்து நடத்தப்பட்டு, 1989க்குப் பின் அவ்வடிவில் நின்றுபோனது. வேறு பெயர்களில் சிறு பந்தயங்கள் நடந்தபோதிலும், முறையான மகளிர் டூர் 2022இல்தான் மீண்டும் வந்தது. இவ்வகையில் நம் கிராமத்துப் பெண்கள் பின்தங்கியவர்கள் அல்லர்.

காபூலிலிருந்து ஒரு பெண்

ஆப்கானிஸ்தானில் பிறந்த மஸூமா அலி ஸாதா, காபூல் சாலைகளில் சைக்கிள் ஓட்டியதற்காகக் கல்லெறியும் வசைமொழியும் பெற்றவர். 2017இல் குடும்பத்துடன் பிரான்சில் தஞ்சம் புகுந்து, லில் நகரில் கட்டடப் பொறியியல் பயின்றார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் சார்பாக, தலைக்கவசத்தின் கீழ் முக்காடு அணிந்து நேரப் பந்தயத்தில் ஓடினார். 25 பேரில் 25ஆவதாக வந்தார். ஆயினும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அகதிகள் அணி முழுமைக்கும் தலைமைப் பொறுப்பேற்கும் பேறு அவருக்குக் கிட்டியது. அதே ஒலிம்பிக்கில் பிரான்சு தன் சொந்த நாட்டு வீராங்கனைகள் முக்காடு அணியத் தடை விதித்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. ஓரிடத்தில் ‘ஓட்டாதே’ என்கின்றனர். மற்றோரிடத்தில் ‘முக்காட்டோடு விளையாடாதே’ என்கின்றனர். இருபுறமும் இழப்பு பெண்ணுக்கே.

நம் இல்லங்களில்

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவியர்க்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. அவ்வண்டி நம் வீடுகளில் என்னவாகிறது? மகள் பெயரில் வந்த வண்டியைத் தம்பி ஓட்டுவதும், படிப்பு முடிந்ததும் அது விலைபோவதும் நாம் அறியாதவை அல்ல. ‘வயதுக்கு வந்த பெண் சாலையில் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்ற ஒற்றைக் கேள்வி, அவளுடைய மேற்படிப்பையே பேருந்தின் நேரத்திற்குள் அடக்கிவிடுகிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அதனைப் பெருமையுடன் எடுத்துரைக்கும் நாம், கண்ணியமாக உடுத்திக் கல்விக்கூடம் செல்லும் நம் மகளின் சக்கரத்தைத் தடுப்பது முறையாகுமா? அவள் எந்தப் பந்தயத்திலும் முதலில் வரவேண்டியதில்லை. சென்று சேர்ந்தாலே போதும். அவளுக்கான கைதட்டல் அத்தாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் தொடங்கட்டும்.