பந்தல் திராட்சைக்கு வெள்ளைக் களிமண் பூச்சு: இலையின் மேல்புறம் நனைந்தால்தான் பலன்

மார்ச் மாதப் பிற்பகலில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், இலைகள் ஓரம் மடிந்து தொங்குவது தெரியும். காலையில்தான் தண்ணீர் விட்டிருப்பார்கள். மண்ணில் ஈரமும் இருக்கும். ஆனாலும் இலை வாடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மறுநாளும் பாய்ச்சுவார்கள். குறை பல நேரம் தண்ணீரில் இல்லை, வெயிலில் இருக்கிறது.

திராட்சை இலைக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் ஏற்றது. 35 டிகிரியைத் தாண்டினால் இலைத்துளைகள் மூடத் தொடங்கும். துளை மூடினால் நீராவி வெளியேறாது. இலை குளிர வழியில்லாமல் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகச் சூடேறும். சர்க்கரை தயாரிக்கும் வேலையும் அப்போது குறைந்துவிடும். அதன் விளைவு குலையில் தெரியும். பழம் பருக்காது. பன்னீர் ரகத்தில் ஒரே குலையில் கறுப்பும் சிவப்பும் பச்சையுமாகக் கலந்து நிற்கும். வியாபாரி விலையைக் குறைக்க அது ஒன்றே போதும். டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்து ஏப்ரல், மே மாதங்களில் அறுக்கும் கோடைப் போகத்துக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

இதற்குக் கைகொடுப்பது கேயோலின் எனப்படும் வெள்ளைக் களிமண். பீங்கான் பாத்திரம் செய்யவும் காகிதம் தயாரிக்கவும் பயன்படும் அதே மண்தான். தண்ணீரில் கரைத்து இலையில் தெளித்தால், காய்ந்ததும் மெல்லிய வெள்ளைப் படலமாக நிற்கும். வெயிலில் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும். இலைச்சூடு சில டிகிரி குறைந்தாலே துளைகள் கூடுதல் நேரம் திறந்திருக்கும். அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் 1990-களில் பழத்தோட்டங்களில் பூச்சியைத் தடுக்க இதைச் சோதித்தபோது, வெப்பத்தைத் தாங்கவும் உதவுவது தெரியவந்தது. போர்ச்சுகல் நாட்டின் டோரோ பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டங்களிலும் ஆய்வு செய்திருக்கிறார்கள்.

அங்கே செய்வதை அப்படியே கம்பம் பள்ளத்தாக்கில் செய்ய முடியாது. அங்கே பிழிந்து ஒயின் ஆக்குகிறார்கள். பழத்தின் மேல் வெள்ளை படிந்தாலும் கவலையில்லை. இங்கே குலையைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறார்கள். திட்டுத்திட்டாக வெள்ளை படிந்த குலையை மருந்துக்கறை என்று ஒதுக்கிவிடுவார்கள். கழுவினால் பழத்தின் மேலிருக்கும் இயற்கையான மெழுகுப் பூச்சும் போய்விடும்.

அடுத்தது பந்தல். நம் தோட்டங்களில் கீழே நின்று மேல்நோக்கித் தெளிப்பதுதான் வழக்கம். அப்படி அடித்தால் களிமண் இலையின் அடிப்புறத்தில் படியும். வெயில் விழுவதோ மேல்புறத்தில். போதாக்குறைக்குத் திராட்சை இலையின் துளைகள் எல்லாம் அடிப்புறத்தில்தான் உள்ளன. செலவு செய்தும் பலன் இல்லை என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எங்கே நின்று தெளித்தீர்கள் என்பதுதான். நீளமான தெளிப்புக் குழாயைக் கொடிகளுக்கு இடையே பந்தலுக்கு மேலே நீட்டி, நாசிலைக் கீழ்நோக்கித் திருப்பி, பனிபோல அடிக்க வேண்டும். சொட்டச் சொட்ட நனைத்தால் கீழே குலையில் வடியும்.

காய் பிடித்த பிறகு, பிஞ்சு பட்டாணி அளவை எட்டும் முன் தெளிப்பதே பாதுகாப்பு. ஜனவரிக் கவாத்துக்கு இது ஏறத்தாழ மார்ச் தொடக்கத்தில் வரும். ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும் பகுதி என்பதால், அவரவர் தேதியை வைத்துக் கணக்கிட வேண்டும். பூ விரியும் நாட்களில் தெளிக்கக் கூடாது.

100 லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 5 கிலோ போதும். ஏக்கருக்கு 400 லிட்டர் பிடிக்குமானால் 12 முதல் 20 கிலோ ஆகும். வாளியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, தூளைச் சிறிது சிறிதாகப் போட்டு மோர் போலக் கரைத்து, துணியில் வடிகட்டி டேங்கில் ஊற்ற வேண்டும். தெளித்து முடியும்வரை கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அடியில் தங்கிவிடும். தெளிப்புக்கென்றே நுண்மையாக அரைத்த தூளாக இருப்பது முக்கியம். மண்பாண்டத் தொழிலுக்கு விற்கும் தூளில் நாசில் அடைத்துக்கொள்ளும். தூளைக் கொட்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். பூஞ்சாண மருந்து அடிக்க வேண்டியிருந்தால் அதை முதலில் அடித்து, காய்ந்த பிறகு களிமண். ஒரு வாரம், பத்து நாள் கழித்து இரண்டாம் முறை அடித்தால் படலம் சீராகும்.

சுண்ணாம்பு அடித்தால் ஆகாதா என்று பலர் கேட்பதுண்டு. மரத்தின் அடித்தண்டில் பூசச் சுண்ணாம்பு சரி. இளம் இலைக்கு அதன் காரம் ஆகாது, இலை கருகும். கேயோலினில் காரம் இல்லை.

மேற்கு ஓரத்து வரிசைகளில் சாய்வெயில் பந்தலுக்கு அடியிலும் நுழைந்து குலையைச் சுடும். அங்கே களிமண்ணைவிட நிழல்வலை நல்லது. தண்ணீரே இல்லாத தோட்டத்தை இந்தப் பூச்சு காப்பாற்றாது. சொட்டுநீரும் மூடாக்கும் முதலில் இருக்க வேண்டும். மேகமூட்டமான நாட்களில் பூச்சு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். ஆகவே வெயில் கடுமையாக இல்லாத ஆண்டில் இந்தச் செலவு தேவையில்லை.

ஓர் உழவு மழை பெய்தாலே பூச்சு பெருமளவு கழுவிப்போகும். அதற்குள் பிஞ்சு பருத்திருந்தால், குலையில் வடியாமல் மேலிலையில் மட்டும் லேசாக அடிக்கலாம்; அது முடியாதென்றால் விட்டுவிடலாம். முதல் ஆண்டு முழுத் தோட்டத்துக்கும் அடிக்காமல், நடுவில் இரண்டு வரிசையைத் தெளிக்காமல் விட்டு வைக்க வேண்டும். அறுவடையன்று இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு, எதில் பச்சைப் பழம் குறைவு என்று எண்ணிப் பார்த்த பிறகு அடுத்த ஆண்டுக்குத் தூள் வாங்கலாம்.